கண்ணாடிக்கு முதுகு காட்டி

கையை எங்க வச்சிருக்கான்னு இன்னைக்குத்தான் மொதமொதல்ல யோசிக்கிறேன். எட்டு மாசமா என் முதுகுக்குப் பின்னால நிக்கறான் இந்த நவநீதன், ஒரு நாள்கூட யோசிச்சதில்லை. பெருந்துறை ரோட்டுல இருக்கற இந்த ஜிம்முல நான் சேர்ந்த அன்னைக்கு, அம்மாவுக்கு டிரெய்னர் நீதாம்பான்னு இவனைத்தான் கைகாட்டி விட்டாங்க, அன்னையிலிருந்து இவன்தான். இப்பவும் நிக்கறான். வெறும் பாரை, அந்த நீட்டு இரும்புக் கம்பியை, தோள்ல போட்டு மொதல்ல ஒடம்பைச் சூடு பண்ணிக்கோணும், அப்புறந்தான் முனையில எடைத் தட்டு ஏத்தறது, அது இவன் சட்டம். ஸ்குவாட்னு பேரு பெருசா இருக்குதே தவிர தோப்புக்கரணந்தான், கழுத்துக்குக் கீழ இரும்போட. அக்கா முழங்கை கீழங்கறான். மூச்சை வயித்துல புடிங்க, குதிங்காலை அழுத்துங்க, தரையைக் கீழ தள்ளற மாதிரி நெனைச்சுக்கங்கங்கறான். குரல்ல ஒரு மாத்தமும் இல்லை. எப்படி இருக்கும், காலைல ஸ்கூட்டர் மேல உக்காந்துட்டு செல்லுல நான் என்னத்தைப் பாத்தேன்னு அவனுக்கு என்ன தெரியும். எந்தங்கச்சி மக அனுப்பியிருந்தா, பெரிம்மா நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்கன்னு. ஜிம்முக்காரங்க விளம்பரத்துக்குப் போட்ட வீடியோ. அம்பத்தி மூணு வயசுல அறுபது கிலோ தூக்கும் வசந்தாமணி அம்மான்னு மேல எழுதி, பக்கவாட்டுல இருந்து யாரோ எடுத்திருக்காங்க. நான் உக்கார்றேன், எந்திரிக்கிறேன். மூஞ்சியெல்லாம் செவந்து, பல்லைக் கடிச்சுட்டு, பாக்கவே ஒரு மாதிரி இருந்துது, அதைப் பாத்து மொதல்ல சிரிக்கத்தான் செஞ்சேன். அப்புறந்தான் பின்னால பாத்தேன். பாருக்கு அடியில ரெண்டு கை. சும்மா காவலுக்கு நீட்டின கை இல்லை, விரலை நல்லா மடிச்சுப் புடிச்ச கை. அவன் புஜம் ரெண்டும் பொடச்சுட்டு நிக்குது அதுல. வேடிக்கை பாக்கறவனுக்குப் புஜம் அப்படிப் பொடைக்குமா.

வெறும் பார் முடிஞ்சுது. இது என்னுது, இதுல சந்தேகமே இல்லை, சொல்லிக் குடுத்துட்டு இவன் அக்கட்ட ஜன்னலோரம் போய் நின்னு தண்ணி பாட்டிலைத் தெறந்துட்டு இருந்தான். இப்போ சின்னத் தட்டை ரெண்டு பக்கமும் மாட்டறான். மாட்டு சாமி, நல்லா மாட்டு. எந்தத் தட்டுல இருந்து பொய் ஆரம்பிக்குதுன்னு பாத்துடறேன் இன்னைக்கு. எந்தங்கச்சி ஆரம்பத்துல கேட்டா, ஏன்க்கா ஆம்பளைப் பையன்கிட்டயா போய்க் கத்துக்கறே, தொட்டுத் தொட்டுல்ல சொல்லிக் குடுப்பாங்கன்னு. நான் அவ வாயை அடைச்சேன். போடி, அந்தப் புள்ளையோட நகம்கூட என் மேல பட்டதில்லை, அப்படி ஒரு ஒழுக்கம்னேன். ஊரெல்லாம் சொன்னேன். இப்பவும் சத்தியம் பண்ணிச் சொல்லலாம், என் மேல படவே இல்லை, பார் மேலதான் பட்டுது. இந்த ஜிம்முல ஒரு சுவரு முழுக்கக் கண்ணாடி. அத்தனை பேரும் அதைப் பாத்துட்டுத்தான் தூக்கறாங்க, நான் ஒருத்திதான் கண்ணாடிக்கு முதுகு காட்டி ஜன்னலைப் பாத்து நிக்கறவ. நடுவுல ஒரு நாள் திருப்பி நிறுத்தினான். கண்ணாடி பாத்தா கழுத்து வளையுங்க்கா, கண்ணு ஏமாத்தும், ஒடம்பு ஏமாத்தாதுன்னான். என்ன அருமையாச் சொல்றான் பாருன்னு வீட்டுல போய் எங்கூட்டுக்காரர்கிட்டக்கூடச் சொன்னேன். அவரும் ஒரு பக்கத்து வாயால சிரிச்சார். சின்னத் தட்டுல உக்காந்து எந்திரிச்சாச்சு. கனமாத்தான் இருந்துது, ஒரே சீரா இருந்துது, எறங்கும்போது என்ன கனமோ ஏறும்போதும் அதே கனம். அப்போ இதுவும் என்னுது. அக்கா இன்னைக்கு ஃபார்ம் சூப்பருங்கறான். துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடச்சுக்கறேன், தொடைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை, இன்னும் வேர்க்கவே இல்லை.

நான் எதுக்கு வந்தேன்னு இவனுக்குத் தெரியாதா என்ன. மொத நாளே எல்லாத்தையும் சொன்னேனே. இங்க வர்றவங்க தொப்பை கொறையோணும்னு வருவாங்க, கல்யாணத்துக்குள்ள கை சதை எறங்கோணும்னு வருவாங்க. நான் எங்கூட்டுக்காரரைத் தூக்கறதுக்கு வந்தேன். சென்னியப்பன்னு சொன்னா எங்க வீதியில தெரியாதவங்க இல்லை, அப்படி வாய் ஓயாத மனுசன். ஒரு நாள் காலைல பல் தேய்க்கப் போனவர் அப்படியே சாஞ்சார். வலப்பக்கம் மொத்தமும் போச்சு, பேச்சும் போச்சு. தூக்கி உக்கார வைக்க, சக்கர நாற்காலிக்கு மாத்த, பாத்ரூம் கூட்டிட்டுப் போகன்னு ஒரு ஆளைப் போட்டோம். நல்ல ஆளுதான், கொறை சொல்ல முடியாது. ஆனா அந்த ஆள் கக்கத்துல கை குடுத்துத் தூக்கும்போதெல்லாம் எங்கூட்டுக்காரர் கண்ணை இறுக்கி மூடிக்குவார். கீழ எறக்கி விட்டு ஆள் அக்கட்ட போற வரைக்கும் தெறக்க மாட்டார். எனக்கு அது பொறுக்கலை. ஜவுளிக்கடையில வேட்டி துண்டு செக்‌ஷன்ல இருந்தவ நான், கட்டுக் கட்டாத் தூக்கிப் பழகின கைதான், ஆனா மனுசனைத் தூக்கறது வேற. கட்டுக்கு வலிக்காது, வெக்கப்படாது. இதையெல்லாம் இவன்கிட்டச் சொல்லிச் சொல்லி அழுதேன் அன்னைக்கு. டிஷ்யூ எடுத்துக் குடுத்தான். அக்கா கவலையே படாதீங்க, ஐயா என்ன வெயிட்டுன்னு கேட்டான். அறுபது இருப்பாருன்னேன். அறுபதுதானே, பண்ணிடலாம்னான். அப்புறம் தாளே எடுக்காம வாயிலயே ஒரு திட்டம் போட்டான் பாருங்க, அசந்துட்டேன். ஒரு நாள் காலுக்கு, ஒரு நாள் முதுகுக்கு, நடுவுல ஓய்வு, ஓய்வுலதான் தசை வளரும்க்கா, ஆசைப்பட்டுத் தெனமும் வந்துடாதீங்க. கொள்ளு சாப்பிடுங்க, முட்டை சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க. கொஞ்சூண்டு கொஞ்சூண்டா ஏத்தோணும், அவசரப்பட்டா மூட்டு பேசும். எல்லாம் சரியாத்தான் சொன்னான். அதுல ஒண்ணுகூடப் பொய் இல்லை, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

பெரிய தட்டு ஏறுது. ரெண்டு பக்கமும் கிளிப் போட்டுட்டுத் தட்டிப் பாக்கறான். நான் குனிஞ்சு ரேக்குக்குள்ள, அந்த இரும்புக் கூண்டுக்குள்ள போறேன், தோள்ல வாங்கறேன், ரெண்டடி பின்னால வர்றேன். எறங்கறேன். கனம். நெம்பக் கனம். தொடை எரியுது. அடிக்கு வந்தாச்சு, இப்போ எந்திரிக்கோணும். வருது. அடியில இருந்து ஒரு சாண் எழும்பினதும் அந்த லேசு வருது. எனக்குத் தெரியாததா அது, எத்தனை மாசமா எனக்குப் பழகின லேசு. முக்கி முனகி மேல வரும்போது, இனி முடியாதுங்கற இடத்துல, யாரோ மனசு எரங்கினாப்புல பாரம் சட்டுனு கொறையும். மொத தடவை அது வந்தப்போ நான் இவன்கிட்டக் கேட்டேன், இது என்னங் தம்பி, நடுவுல திடீர்னு லேசாகுதுன்னு. அதுதாங்க்கா ஹிப் டிரைவ், உங்க இடுப்பு வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சுன்னான். கண்ணு தளும்புச்சு எனக்கு. ரெண்டு புள்ளை பெத்து ஒண்ணைப் பறிகொடுத்த இடுப்பு, இன்னும் அதுக்குள்ள இம்புட்டு பலம் இருக்குதான்னு நெனைச்சேன். அன்னைக்கு ராத்திரி கட்டில்ல படுத்துட்டு இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன் நானு. வெக்கமா இருக்குது இப்போ. கடையில துணி அளக்கறப்போ நைசா இழுத்துப் புடிச்சு அளக்கறவங்க உண்டு, மீட்டருக்கு மீட்டர் கணக்கு சரியா வரும், வீட்டுக்குப் போய் ஒரு அலசு அலசினா சுருங்கி நிக்கும். அப்படி அளக்கற ஆளை நான் ரெண்டு கடை தள்ளி இருந்தே கண்டுபுடிச்சிருவேன். எனக்கே அப்படி அளந்திருக்கான் ஒருத்தன், நானும் கையை நீட்டி வாங்கிட்டு நின்னிருக்கேன்.

தரையில கெடக்கறதைத் தூக்கச் சொல்லிக் குடுங்கன்னு எத்தனை தடவை கேட்டேன். டெட்லிஃப்ட்னு அதுக்குப் பேரு, இங்க வர்ற காலேஜ் பொண்ணுக எல்லாம் பண்ணுதுக. ஆளைத் தூக்கறதுக்கு அதுதானே ஒதவும். உங்க முதுகுக்கு இப்ப வேண்டாங்க்கா, அடுத்த மாசம் பாக்கலாம்னான். அடுத்த மாசமும் அடுத்த மாசம்னான். இப்பத்தானே புரியுது, அதுல பின்னால நின்னு கை குடுக்க முடியாது. கீழ கெடக்கறது எழும்பினா எழும்புது, இல்லைன்னா இல்லை. அவன் கை எங்கெங்க ஒளிஞ்சுக்க முடியுமோ அங்கங்க மட்டும் எனக்குத் திட்டம் போட்டிருக்கான். அந்தத் திட்டத்தை நம்பி, அறுபது தூக்கின அன்னைக்கே லட்டு வாங்கி இந்த ஜிம் பூரா குடுத்துட்டு, வீட்டுக்குப் போய், அவரைத் தூக்க வந்துட்டிருந்த ஆளை நிறுத்தினேன். இனி நீங்க வர வேண்டாங்கண்ணா, நானே பாத்துக்கறேன்னேன். எங்கூட்டுக்காரர் மூஞ்சியைப் பாக்கோணுமே அன்னைக்கு. நான் தூக்கினப்போ கண்ணை மூடலை. என்னையவே பாத்துட்டு இருந்தார். எடது காலை ஊனி, என் தோள்ல எடது கையைப் போட்டு எந்திரிச்சு நின்னார். நின்னுட்டுச் சிரிச்சார். ரெண்டு மாசம் அப்படித்தான் போச்சு, ஒரு சிராய்ப்பு இல்லை. அப்புறம் முந்தாநாள் பாத்ரூம்ல. குளிக்கற ஸ்டூலு கால் ஆடுதுன்னு அன்னைக்குக் குட்டை ஸ்டூல்ல உக்கார வச்சிருந்தேன். குளிச்சு முடிஞ்சு, அவர் மேலயும் தரையிலயும் ஈரத்தைத் தொடச்சு, கக்கத்துல கை குடுத்து, மூச்சை வயித்துல புடிச்சு, இவன் சொல்லிக் குடுத்த மாதிரி தரையைத் தள்ளினேன். ஒரு சாண் எழும்பினார். நான் காத்திருந்தேன். ஆமா, காத்துட்டுத்தான் இருந்தேன், இப்பத்தான் அது தெரியுது. என் ஒடம்பு அந்த லேசுக்காகக் காத்துட்டு நின்னுது. வரலை. அவர் முழுசா என் மேல வந்தார், ரெண்டு பேரும் போனோம். நான் செவுத்துல சாஞ்சு தப்பிச்சேன். அவருக்கு நெத்தியில தையல், வலது தோள்பட்டை எலும்புல விரிசல்.

அக்கா என்ன யோசனை, ரெஸ்ட் போதுமான்னு கேக்கறான். சித்த இருன்னு கையைக் காட்டறேன். ஜன்னலுக்கு வெளிய பஸ் ஒண்ணு நிக்குது, ஆளுக ஏறுதுக. ஆஸ்பத்திரியில இருந்து நாளைக்கு அவரை வெளிய விடறாங்க. எங்க கூட்டிட்டுப் போறதுங்கறதுதான் இப்போ பேச்சு. ஓசூர்ல இருந்து எம்பையன் சுதர்சன் வந்துட்டான், கோயமுத்தூர் பக்கம், படுத்த ஆளுகளைப் பாத்துக்கற ஒரு ஹோமைப் பாத்து வச்சுட்டான். அம்மா நீங்களும் விழுந்து கெடந்தா நான் யாரைப் பாக்கறதுங்கறான். தப்பாச் சொல்லலை அவன். நான் அறுபது கிலோ தூக்கறவடா, அன்னைக்கு ஏதோ வழுக்கிருச்சுன்னு சொன்னேன். சொல்லும்போதே எனக்கே சந்தேகம், வழுக்கலையே, தரை காஞ்சுல்ல இருந்துதுன்னு. அப்போ அவர், எங்கூட்டுக்காரர், கட்டில்ல படுத்தவாக்குல எடது கையைத் தூக்கி எடது தொடையில தட்டினார். தட்டிட்டு இல்லைன்னு கையை விரிச்சார். என் கால்தான் கை விட்டுருச்சு, நான்தான் உன்னைத் தள்ளிட்டேன்னு சொல்றார். மறுபடியும் தட்டறார், மறுபடியும் விரிக்கறார். கண்ணுல இருந்து தண்ணி காதுக்குள்ள ஓடுது. சுதர்சன் ஹோம்னு சொன்னதும் சரின்னு தலையை ஆட்டினார். அந்த ஒத்தைக் காலை நம்பித்தான் அவர் இத்தனை நாள் மனுசனா இருந்தார். அதுவும் போச்சுன்னு நெனைச்சுட்டார். நான் இல்லீங் இல்லீங்ன்னேன், ஆனா எனக்கும் உள்ளுக்குள்ள அதே நெனைப்புத்தான். என் பலத்துல கொறை இருக்கும்னு எனக்கு எப்படித் தோணும், அறுபது தூக்கறவளாச்சே நானு.

கடைசித் தட்டை ஏத்திட்டான். அறுபது. வாங்கக்காங்கறான். போறேன். வாங்கறேன். பின்னால அவன் வந்து நிக்கறது தெரியுது, ஷூ தேயற சத்தம், அவன் போட்டிருக்கற அந்தப் பவுடர் வாசம். எனக்கு நெஞ்சு அடிக்கற அடியில பார் ஆடுது. பயமாவும் இருக்குது. கேக்காமலே விட்டுடலாமான்னு ஒரு நெனைப்பு வருது, இந்த லேசு எனக்குப் புடிச்சுத்தானே இருந்துது, இதை விட்டா எனக்குன்னு என்ன இருக்குது. வீட்டுக்குப் போனா நான் யாரு. எட்டு மாசமா தம்பி, வாங்க, நில்லுங்கன்னு மரியாதையாப் பேசின வாய், இப்போ அது வர மாட்டேங்குது.

"கையை எடு நவநீதா."

அக்கா என்னங்கறான். புரியாத மாதிரி. தள்ளிப் போய் நில்லுங்கறேன். விழுந்துருவீங்க அக்காங்கறான், வாய் தவறி வந்துருச்சு அவனுக்கு, வந்ததும் அவனே கப்புனு நிறுத்திட்டான். ரெண்டு பக்கமும் இரும்புச் சட்டம் இருக்குது, அது தாங்கிக்கும், நீ போங்கறேன். ஷூ சத்தம் பின்னால போகுது. எறங்கறேன். இது வேற கனம். இது இத்தனை நாளா எனக்கு யாரும் காட்டாத கனம், தோள்ல இருந்து முட்டி வரைக்கும் ஒரே புடியா அழுத்துது. அடிக்கு வந்தேன். தள்ளறேன். ஒரு சாண்கூட இல்லை, நாலு விரக்கடை எழும்புது, நிக்குது. ஒடம்பு காத்திருக்குது, இன்னைக்கும் காத்திருக்குது பாருங்க, மானங்கெட்ட ஒடம்பு. வராது, போ. மூச்சு விட்டுப் போச்சு, தொடை ரெண்டும் நடுங்கி விட்டுருச்சு. பார் சட்டத்து மேல டமார்னு விழுகுது, ஜிம் முழுக்கத் திரும்பிப் பாக்குது. நான் ரேக்குக்குள்ளயே தரையில உக்காந்துட்டேன். அவன் ஓடி வந்தான். தொடாதேன்னேன். நின்னுட்டான்.

எனக்கு அழுகை வரலை. பட்ட அடியை விட, என்னை வச்சு வேடிக்கை பாத்தாங்களேங்கற எரிச்சல். அவன்தான் அழுதான். தலையைக் குனிஞ்சுட்டு என்னென்னமோ சொன்னான். ஆரம்பத்துல நான் பாதியில நின்னு போனப்போ என் மூஞ்சி விழுந்ததை அவனால பாக்க முடியலையாம். ரெண்டு விரல் மட்டும் குடுத்தானாம். அடுத்த வாரம் எடுத்துக்கலாம்னு இருந்தானாம், அடுத்த வாரம் நான் இன்னும் ஏத்துங்கன்னு நின்னேனாம், அப்போ விரல் கையாச்சாம். மாசாமாசம் கனம் ஏறலைன்னா ஆளுக நின்னுருவாங்கன்னு மொதலாளி வேற சொல்லுவாராம். எல்லாரும் பண்றதுதாங்க்கான்னான். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்.

"நான் எதுக்குத் தூக்கறேன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியுங்க்கா," அவன் மூக்கை உறிஞ்சினான். "அதனாலதான்."

அப்படியே அறையலாம்னு இருந்துது. அறையலை. தனியா நான் எவ்வளவு தூக்குவேன்னு கேட்டேன். பாதிக்குக் கொஞ்சம் மேலங்க்கான்னான். பாதி. நான் ரேக்கோட கம்பியில சாஞ்சுட்டு அதை நெனைச்சுப் பாக்கறேன். பாதின்னா, ரெண்டு மாசமா எங்க வீட்டுல தெனமும் அவரை எந்திரிக்க வச்சேனே, மீதிப் பாதி எங்க இருந்து வந்துது. அங்க நவநீதன் இல்லை. அங்க இருந்தது அவரோட எடது கால்தான். கட்டில் ஒசரத்துல இருந்து, நாற்காலி ஒசரத்துல இருந்து, அந்தக் கால் ஊனி ஊனி அவரையே தூக்கியிருக்குது, என்னையும் சேத்துத் தாங்கியிருக்குது. அந்தக் குட்டை ஸ்டூல்ல முட்டி மடங்கி அவரால ஊன முடியலை, அவ்வளவுதான். அவர் கால் என்னைக் கை விடலை. என்கிட்ட இல்லாத பாதிதான் அன்னைக்கு இல்லாமப் போச்சு. சுதர்சனுக்குப் போன் பண்ணோணும். ஹோம் வேண்டாண்டா, அப்பா வீட்டுக்குத்தான் வர்றார், என்னால பாதிதான் முடியும், மீதிக்குப் பழைய ஆளையே திருப்பிக் கூப்பிடுன்னு சொல்லோணும். அதைச் சொல்லிருவேன், எனக்கு வெக்கமில்லை. ஆனா அவர் வரோணுமே, அந்த மனுசன் சரின்னு சொல்லோணுமே. அவர் தலையை ஆட்டிட்டுக் கெடக்கறார் அங்க.

அக்கா நான் தெனமும் வீட்டுக்கு வந்து ஐயாவைத் தூக்கி விடறேங்க்காங்கறான். வேண்டாம்னேன். நீ வந்து தூக்கறதுக்கு ஒண்ணும் இல்லை, வர்றதுன்னா இன்னைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வா, மூணாவது மாடி, எங்கூட்டுக்காரர் முன்னால வந்து நில்லுன்னேன். மன்னிப்புக் கேக்கறேங்க்கான்னான். அது எதுக்கு அவருக்கு. மன்னிப்பை வச்சு அவர் என்ன பண்ணுவார்.

"அப்புறம் என்னன்னுங்க்கா சொல்றது?"

"நீ பண்ணினது அத்தனையும் சொல்லு. சொல்லிட்டு, அவரு காலு நல்லாத்தான் நின்னுதுன்னு சொல்லு. நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனைச்சுக்குவார்."